மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன்: 1960 ஐரோப்பியக் கச்சேரிப் பதிவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்க விரும்பும் நண்பர்களிடம் பேசத் தொடங்கினால், எங்கே தொடங்கினாலும் நான் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தப் பதிவுகள்தான். ஐந்து ஆண்டுகள் தோளோடு தோள் நின்று வாசித்த இருவர், ஒரே மேடையில், ஒரே பாட்டுக்குள் வெவ்வேறு திசைகளில் வளர்ந்துகொண்டிருப்பதை இவ்வளவு பக்கத்தில் இருந்து கேட்க வேறு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை. நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கச்சேரிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

1960 மார்ச் 21 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் இரண்டு கச்சேரிகள். மறுநாள் ஸ்டாக்ஹோமில் இரண்டு. மார்ச் 24 அன்று கோபன்ஹேகனின் டிவோலி அரங்கில் ஒன்று. மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோன், விண்டன் கெல்லி பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். நார்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க அமைப்பாளர் ஏற்பாடு செய்த பயணம் அது. பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவும் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் நால்வர் குழுவும் அதே பயணத்தில் வாசித்தன.

இந்த ஐந்து கச்சேரிகளும் வானொலிக்காகப் பதிவு செய்யப்பட்டவை. பல ஆண்டுகள் உரிமம் உள்ளதும் இல்லாததுமாகப் பல வடிவங்களில் ரசிகர்கள் கையில் உலவின. 2018இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் நான்கு குறுந்தகடுகளாக, 'தி ஃபைனல் டூர்' என்ற பெயரில் முறையாக வெளியிட்டது. 'கடைசிப் பயணம்' என்ற அந்தப் பெயர் பொருத்தமானது. ஊர் திரும்பியதும் கோல்ட்ரேன் குழுவை விட்டு விலகினார்.

இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

இருவரும் 1926இல் பிறந்தவர்கள். மைல்ஸ் மே மாதம் இலினாய் மாநிலத்தில், கோல்ட்ரேன் செப்டம்பரில் வட கரோலினாவில். நான்கு மாத வித்தியாசம்தான். ஆனால் 1955இல் மைல்ஸ் தன் குழுவுக்குக் கோல்ட்ரேனை அழைத்தபோது மைல்ஸ் பெயர் பெற்றவர். கோல்ட்ரேனை வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் 1960 இன்னும் அழுத்தமாகப் புரியும்.

1957இல் ஹெராயின் பழக்கத்தின் காரணமாக மைல்ஸ் அவரை வெளியேற்றினார். அந்த ஆண்டே கோல்ட்ரேன் பழக்கத்தை விட்டொழித்தார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் குழுவில், நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் மாதக்கணக்கில் வாசித்தார். 1958 தொடக்கத்தில் மைல்ஸிடம் திரும்பி வந்தபோது அவர் வேறு ஆள். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே காற்று புகாத அளவுக்கு அடர்த்தியாக வாசிக்கத் தொடங்கியிருந்தார். அப்போது ஐரா கிட்லர் என்ற விமர்சகர் அந்த வாசிப்பை 'ஒலித் தகடுகள்' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

அவர்கள் வெவ்வேறு திசையில் போனார்கள் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு கலைஞர்கள் என்றால் இரண்டு பாணிகள் இருக்கத்தானே செய்யும்?

நியாயமான கேள்வி. பாணி வேறுபாடு 1955இலிருந்தே இருந்தது. அதுதான் குழுவின் அழகு. மைல்ஸ் குறைவாகவும், கோல்ட்ரேன் நிறையவும் வாசிப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவார். 1960இல் நடப்பது அதற்கு மேற்பட்ட ஒன்று. அதைக் காட்ட ஒரே பாட்டை எடுத்துக்கொள்கிறேன்: 'ஸோ வாட்'.

1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்துக்காக அது முதலில் பதிவானது. அதன் சட்டகம் மிக எளிது. முப்பத்திரண்டு தாள அளவுகள் ஒரு சுற்று. முதல் பதினாறு அளவுகள் ஒரே சுர வரிசையில். அடுத்த எட்டு, அதே வரிசை அரைச் சுரம் மேலே. கடைசி எட்டு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான். அன்றைய ஜாஸ் பாட்டுகளில், ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டமான 'கார்ட்' ஒவ்வோர் அளவிலும் மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். மைல்ஸ் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரு வெட்டவெளியைத் திறந்து வைத்தார்.

அந்த வெட்டவெளியில் மைல்ஸ் என்ன கேட்டார்? மௌனத்தைக் கேட்டார். ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அது தேய்ந்து மறையும்வரை காத்திருக்க இப்போது இடம் இருக்கிறது. புள்ளிக்கோலத்தில் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு இழையை நம் கண்ணுக்கு விட்டுவிடுவதைப் போன்ற வாசிப்பு அது.

அதே வெட்டவெளியில் கோல்ட்ரேன் வேறு ஒன்றைக் கேட்டார். கார்ட் மாறாமல் நிற்கிறதா? அப்படியானால் அதன் மேல் நானே இரண்டு மூன்று கார்ட்களை அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒன்றின் மேல் மூன்றை வைத்துப் பார்க்கும் இந்த முயற்சியைப் பற்றி அவரே 1960இல் 'டவுன் பீட்' இதழில் எழுதியிருக்கிறார். புள்ளிகளுக்கு நடுவே போகக்கூடிய எல்லா இழைகளையும் ஒரே மூச்சில் இழுத்துப் பார்க்கும் வேட்கை அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்டுடியோப் பதிவில் மைல்ஸுக்கு இரண்டு சுற்று, கோல்ட்ரேனுக்கும் இரண்டு சுற்று. பந்தியில் இலைக்கு இரண்டு என்று பரிமாறியது போல. பாட்டின் மொத்த நீளம் ஒன்பதேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஓராண்டு கழித்து, பாரிஸில் அதே பாட்டு மிகவும் வேகமாகிவிட்டது. வேகம் கூடியும் நீளம் பதின்மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. கூடிய நேரத்தின் பெரும்பங்கு கோல்ட்ரேனுடையது. அவருக்குச் சுற்றுகள் போதவில்லை.

இன்னொரு சான்று இந்தப் பதிவுகளுக்கு வெளியே இருக்கிறது. 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவு 1959 ஏப்ரல் 22 அன்று முடிந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே முதல் வாரத்தில் கோல்ட்ரேன் தன் சொந்த ஆல்பமான 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' பதிவுக்குப் போனார். அதன் தலைப்புப் பாட்டில் கார்ட்கள் கண் சிமிட்டும் வேகத்தில் மாறுகின்றன. 'ஸோ வாட்' எதை விலக்கியதோ, அதையே உச்சத்துக்குக் கொண்டுபோன பாட்டு. இரண்டிலும் பாஸ் வாசித்தவர் ஒருவரே: பால் சேம்பர்ஸ். அந்த இரண்டு வாரத்துக்குள் அவர் விரல்கள் கடந்த தூரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

பாரிஸ் ரசிகர்கள் சீழ்க்கை அடித்தார்கள் என்று படித்தேன். பாராட்டித்தானே?

நம் ஊரில் சீழ்க்கை என்றால் கொண்டாட்டம். பிரெஞ்சு அரங்குகளில் அது எதிர்ப்பு. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் பதிவைக் கேட்டால் முழுக் கதையும் தலைகீழாகிவிடும். எனக்கும் முதலில் அப்படித்தான் ஆனது.

'பை பை பிளாக்பேர்ட்' பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். 1926இல் வந்த பழைய பாட்டு அது, இருவரும் பிறந்த அதே ஆண்டு. மைல்ஸ் குழுவின் விருப்பப் பாட்டுகளில் ஒன்று. மைல்ஸ் டிரம்பெட்டின் வாயில் ஓசையை அடக்கும் மியூட்டைச் செருகிக்கொண்டு, காதோடு பேசுவதுபோல் வாசிக்கிறார். அரங்கம் உருகுகிறது. பிறகு கோல்ட்ரேன் வருகிறார். தொடக்கத்தில் மெட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறார். போகப் போக ஒரு சிறிய சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, அதை மேலிருந்து வாசிக்கிறார், கீழிருந்து வாசிக்கிறார், தாளத்தின் வேறு இடத்திலிருந்து எடுக்கிறார். சேராத சாவியைப் பூட்டில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரைப் போல. ஒரே ஊதலில் இரண்டு சுரங்கள் பிளந்து வரும்படி செய்கிறார். உச்ச ஸ்தாயியில் அது கிட்டத்தட்ட அலறல். அரங்கிலிருந்து சீழ்க்கை கிளம்புகிறது. அதை அடக்குவதற்கென்றே கைதட்டல் கிளம்புகிறது. இரு தரப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்க, அவர் நிறுத்துவதில்லை.

ஒலிம்பியாவுக்கு வந்தவர்கள் ஜாஸ் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மைல்ஸைப் பாரிஸ் 1949இலிருந்து அறியும். அங்கே அவர் மிகவும் நேசிக்கப்பட்டவர். 'கைண்ட் ஆஃப் புளூ'வின் மென்மையை எதிர்பார்த்து வந்தவர்களின் காதில், இன்னும் பெயர் வைக்கப்படாத ஓர் இசை விழுந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முதல் தடவை கேட்டபோது நானும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மறுபடி எடுக்கச் சில மாதங்கள் ஆயின.

கச்சேரி முடிந்ததும் அமைப்பாளர்களில் ஒருவரான ஃபிராங்க் தெனோ மேடைக்குப் பின்னால் போய், ரசிகர்களின் எதிர்ப்பைப் பற்றிக் கோல்ட்ரேனிடம் பேசியிருக்கிறார். தான் இன்னும் போதிய தூரம் போகவில்லை என்று கோல்ட்ரேன் பதில் சொன்னதாகத் தெனோ பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கோல்ட்ரேன் கோபத்தில் வாசித்தாரா?

அப்போதே பலர் அப்படி எழுதினார்கள். மறுநாள், மார்ச் 22 அன்று, ஸ்டாக்ஹோமில் கார்ல்-எரிக் லிண்ட்கிரென் என்ற வானொலிக்காரர் இதையே அவரிடம் கேட்டார். அந்த நேர்காணலும் 2018 தொகுப்பில் இருக்கிறது. கோல்ட்ரேனின் குரல் மெல்லியது, தயக்கம் நிறைந்தது. ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுக்கிறார். தனக்குத் தெரிந்த பல விஷயங்களை ஒரே நேரத்தில் முயன்று பார்ப்பதாகவும், அவற்றை இன்னும் தரம் பிரித்து அடுக்கவில்லை என்றும், அதனால் அது கோபம்போலக் கேட்கலாம் என்றும் பொறுமையாக விளக்குகிறார்.

முதல் நாள் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அலறிய சாக்ஸபோனையும் இந்தக் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் இந்தத் தொகுப்பில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்தச் சில நிமிடப் பேச்சை வைத்துக்கொள்வேன். வேலை பாதியில் இருப்பதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளும் மனிதர் அவர். மேடையில் நாம் கேட்பது அந்தப் பாதி வேலையைத்தான். தச்சுப்பட்டறைக்குள் நுழைந்தால் சீவல்கள் காலைக் குத்தும். அந்தக் குத்தல் கோபத்தால் வருவதில்லை.

மைல்ஸுக்கு இது பிடிக்கவில்லையா? இருவருக்கும் சண்டையா?

கோல்ட்ரேனுக்கு இந்தப் பயணத்தில் கலந்துகொள்ளவே விருப்பம் இல்லை. தன் குழுவை அமைக்கும் அவசரத்தில் இருந்தார். மைல்ஸ்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் பின்னாளில் நினைவுகூர்ந்தது இது: பஸ்ஸில் கோல்ட்ரேன் காப்பின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். வாத்தியங்களையும் ஒரு சிறு பையையும் தவிர வேறு சுமை இல்லை. எந்த நிமிடமும் எழுந்து போய்விடக்கூடியவரைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். சோப்ரானோ சாக்ஸபோனில் கீழைநாட்டுச் சாயல் கொண்ட சுர வரிசைகளை வாசித்துக்கொண்டே இருப்பார்.

இதிலிருந்து சண்டை என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தன் வாசிப்பை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை என்று கோல்ட்ரேன் சொன்னதாகவும், வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிடு என்று மைல்ஸ் பதில் சொன்னதாகவும் ஒரு பேச்சு ஜாஸ் உலகில் பிரபலம். எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. ஆனால் பதிவில் உள்ள மைல்ஸைக் கேளுங்கள். குழு அவருடையது. மேடைக்கு வந்து டிரம்பெட்டை உயர்த்தினால் கோல்ட்ரேனின் வாசிப்பு அங்கேயே முடிந்துவிடும். கோல்ட்ரேன் தானாக முடிக்கும்வரை அவர் அதைச் செய்வதில்லை. சீழ்க்கை அடிக்கும் ரசிகர்கள் தன் ரசிகர்கள் என்று தெரிந்தும் செய்யவில்லை.

மற்றவர் வாசிக்கும்போது மைல்ஸ் மேடையை விட்டு இறங்கிவிடுவது வழக்கம். அதைத் திமிர் என்றார்கள். வாசிப்பவர் மீதே கவனம் இருக்கட்டும் என்பது அவர் தரப்பு. இந்தப் பதிவுகளில் அந்த விலகலை ஒரு கொடையாகவே நான் கேட்கிறேன். மைல்ஸின் வழக்கறிஞர் ஹெரால்ட் லவெட்தான் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு கோல்ட்ரேனுக்கு ஒப்பந்தம் பேசித் தந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். போகப் போகிறவர் என்று தெரிந்தே தந்த இடம் அது.

மாறுதல் மைல்ஸிடமும் நடந்துகொண்டிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய அலைக்கு எதிரே சிறிய ஓசையை வைக்கத் துணிவு வேண்டும். மார்ச் 22, 24 பதிவுகளில் அவர் வாசிப்பில் ஒரு கூர்மை ஏறியிருக்கிறது. சில இடங்களில் டிரம்பெட்டின் ஓசையை வேண்டுமென்றே உடைய விடுகிறார். பக்கத்தில் நிற்பவரின் தீ அவர் மேலும் பட்டிருக்கிறது.

மற்ற மூவரும் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். அதனால்தான் அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மைல்ஸ் வாசிக்கும்போது கெல்லி, சேம்பர்ஸ், காப் மூவரும் நடை பழகுவதுபோல் இயல்பாகப் போகிறார்கள். கோல்ட்ரேன் தொடங்கியதும் தாளத்தை விடாமல், அதன் அடியில் உள்ள வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். சில நேரம் கெல்லி பியானோவிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். கார்ட் எதையும் சொல்லாமல் இருப்பதே கோல்ட்ரேனுக்கு உதவி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோல்ட்ரேனின் வாசிப்பு முடிந்ததும் கெல்லியின் பியானோ புளூஸ் மணத்தோடு துள்ளி வரும்போது, அரங்கம் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

இவர்கள் 1959 டிசம்பரில் கோல்ட்ரேனோடு சேர்ந்து 'நைமா' என்ற மென்மையான பாட்டைப் பதிவு செய்தவர்கள். அதாவது மைல்ஸின் குழுவில் மைல்ஸைத் தவிர மற்ற அனைவரும் அந்தப் பதிவில் இருந்தார்கள். கோல்ட்ரேன் எங்கே போக நினைக்கிறார் என்பது இந்த மூவருக்கும் முன்பே தெரியும். சேம்பர்ஸ் 1969இல் 33 வயதிலும், கெல்லி 1971இல் 39 வயதிலும் இறந்துபோனார்கள். காப் மட்டும் 2020 வரை வாழ்ந்து இந்த நாட்களின் நினைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜாஸ் பழக்கமே இல்லை. எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பாரிஸில் தொடங்காதீர்கள். முதலில் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் 'ஸோ வாட்' பாட்டை, பாஸ் கேள்வி கேட்பதும் ஊது வாத்தியங்கள் இரண்டு சுரத்தில் விடை சொல்வதும் மனப்பாடம் ஆகும்வரை கேளுங்கள். பிறகு கோபன்ஹேகன் 'ஸோ வாட்'. அங்கே கொந்தளிப்பு உண்டு, ஆனால் கரை தெரியும். அதன் பிறகு பாரிஸ்.

இன்னொரு வழி, 'பை பை பிளாக்பேர்ட்' பாட்டின் 1956 ஸ்டுடியோப் பதிவையும் 1960 பாரிஸ் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பது. நான்கு ஆண்டு இடைவெளி. 1956இல் கோல்ட்ரேன் இன்னும் தன் குரலைத் தேடுகிறார். சில சொற்றொடர்கள் பாதியில் தயங்கி நிற்கின்றன. மைல்ஸ் அப்போதே முழுமையாக மைல்ஸ். 1960இல் யார் யாரைத் தாண்டி ஓடுகிறார்கள் என்பதைச் சொல்ல எந்த இசை அறிவும் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள்: கோல்ட்ரேனின் சுரங்களை எண்ணிப் பின்தொடர முயல வேண்டாம். மழையில் துளிகளை எண்ணுவதில்லை. காப்பின் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஓசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றது தானே வந்து சேரும்.

ஒலித்தரம் எப்படி?

அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய வானொலிப் பதிவு என்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. ஊது வாத்தியங்கள் பக்கத்தில் கேட்கின்றன. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் ரசிகர்களின் சலசலப்பும் கிடைக்கும். இந்தப் பதிவுகளில் அது பாதி இசை.

இவர்களைப் படக்காட்சியில் பார்க்க முடியுமா?

மைல்ஸ் இல்லாமல் பார்க்கலாம். மார்ச் 28 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் தொலைக்காட்சிக்காகப் படம் எடுத்தார்கள். மைல்ஸ் அதில் இல்லை. கோல்ட்ரேன் முன்னால் நின்று கெல்லி, சேம்பர்ஸ், காப் ஆகியோரோடு வாசிக்கிறார். பிறகு ஸ்டான் கெட்ஸும் ஆஸ்கர் பீட்டர்சனும் சேர்ந்துகொள்கிறார்கள். கெட்ஸின் ஓசை பட்டு. கோல்ட்ரேனின் ஓசை உலோகம். வாசிக்கும்போது கோல்ட்ரேன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோபம் என்று எழுதியவர்களுக்கு அந்த முகத்தைக் காட்ட வேண்டும்.

கோல்ட்ரேனுக்கு இந்திய இசையோடு தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, ஆனால் பெரும்பகுதி இதற்குப் பின்னால் வருவது. 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் 'இந்தியா' என்ற தன் படைப்பை வாசித்தார். சுருதியைப் போல ஒரே ஆதார ஓசை அடியில் நிற்க, மேலே மனோதர்மம் விரிகிறது. 1965இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். கோல்ட்ரேனின் மறைவுக்குப் பிறகு அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாக ஏற்று, 1971இல் வெளிவந்த ஆல்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார். 1960 பயணத்தில் பஸ்ஸில் ஒலித்த அந்தக் கீழைநாட்டுச் சாயல் சுர வரிசைகளை இந்த வழியின் முதல் அடி என்று கொள்ளலாம்.

குழுவினர் இப்படித் திசை பிரிவதைக் கேட்க வேறு கச்சேரிப் பதிவுகள் உண்டா?

மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கோல்ட்ரேனே மைல்ஸின் இடத்தில் நின்ற தருணம். 1965 செப்டம்பர் 30 அன்று சியாட்டிலில் பதிவான கச்சேரி. அப்போது அவர் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் சேர்ந்திருந்தார். இசை, தாளக் கட்டையும் சுரக் கட்டையும் விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் அவரோடு இருந்த பியானோ கலைஞர் மெக்காய் டைனரும் டிரம்ஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸும் அந்தப் புயலுக்குள் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே கேட்க முடியாமல் தவித்தார்கள். டைனர் அந்த ஆண்டு இறுதியிலும், ஜோன்ஸ் 1966 தொடக்கத்திலும் விலகினார்கள். இம்முறை தலைவர் முன்னால் ஓட, குழு பின்தங்கியது. கேட்கக் கடினமான பதிவு. 1960ஐக் கேட்டுவிட்டு அதைக் கேட்டால் மனம் கனத்துப்போகும்.

இரண்டாவது, 1965 டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களில் சிக்காகோவின் பிளக்டு நிக்கல் விடுதியில் மைல்ஸ். வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் ஆகிய அவர் குழுவின் இளைஞர்கள், எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வாசிப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு மேடையேறினார்கள். மைல்ஸ் பழைய பாட்டுகளை எடுக்கிறார், காலடியில் தரை நகர்கிறது, அவர் விழவில்லை. 1960இல் ஒருவரிடம் கற்ற பொறுமையை நால்வரிடம் காட்டுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது இதற்கு மாற்று மருந்து. 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் மங்கும் கோல்ட்ரேனும். அந்த ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டது. இரண்டு பேர் ஒருவரை நோக்கி ஒருவர் வளர்வதை அதில் கேட்கலாம்.

1960க்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாசித்தார்களா?

கோல்ட்ரேன் 1960 மே மாதம் நியூயார்க்கின் ஜாஸ் கேலரியில் தன் சொந்தக் குழுவோடு மேடையேறினார். மைல்ஸ் அவர் இடத்தில் சாக்ஸபோன் கலைஞர்களான சன்னி ஸ்டிட்டையும், பிறகு ஹேங்க் மோப்லியையும் அமர்த்திப் பார்த்தார். இருவரும் தேர்ந்த கலைஞர்கள். ஆனால் மைல்ஸின் மௌனத்துக்கு எதிரே நிற்கும் அந்த அடர்த்தி அவர்களிடம் இல்லை.

1961 மார்ச்சில் மைல்ஸ் ஓர் ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தார். கோல்ட்ரேன் இரண்டு பாட்டுகளுக்கு மட்டும் வந்து போனார். அவற்றில் ஒன்று 'டியோ', ஸ்பானியச் சாயல் கொண்ட மூன்று எண்ணிக்கைத் தாளம், 'ஸோ வாட்' போலவே கார்ட்கள் நகராமல் நிற்கும் வெட்டவெளி. மைல்ஸ் வாசிக்கிறார். பிறகு கோல்ட்ரேன், ஓராண்டுக்கு முன் சிதறிக் கிடந்த அத்தனையும் இப்போது ஒழுங்காகி, ஒரே நேர்கோட்டில். அவர் முடித்ததும் மைல்ஸ் மறுபடியும் வந்து வாசித்துப் பாட்டை முடிக்கிறார். பதிவான நாள் மார்ச் 21. ஒலிம்பியா கச்சேரி நடந்து சரியாக ஓராண்டு. அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாக ஸ்டுடியோவுக்குள் போகவில்லை.